ஒரே பேர்ல ரெண்டு நன்கொடை

தைப்பூசத்துக்கு பதினோரு நாள் இருக்கும்போது, ராத்திரி பத்தே முக்காலுக்கு, அக்காகிட்டேர்ந்து வாட்ஸப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ். ஒன்னேகால் நிமிஷம். அக்கா ஒரு நிமிஷத்துக்கு மேல பேசி அனுப்பினா நல்ல சேதி இல்லைன்னு எங்க பந்தல் ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். "தம்பி, ரசீது புக்கை மூணு தடவ கூட்டிப் பாத்துட்டேன் லா, உன் கம்ப்யூட்டர் சொல்ற கணக்குல 1,785 வெள்ளி குறையுது, நான் யாரையும் ஒண்ணும் சொல்லல, நாளைக்கு பாத்திரக்காரருக்கு அட்வான்ஸ் குடுக்கணும், நீ கொஞ்சம் பாரு." இந்த 'நான் யாரையும் ஒண்ணும் சொல்லல' இருக்கே, அதைக் கேட்டதும் தூக்கம் போயிருச்சு. (வெள்ளின்னா இங்க மலேசியா ரிங்கிட்.)

எங்க ஏற்பாட்டை சொல்லிடுறேன், இல்லாட்டி கதை புரியாது. பினாங்குல தைப்பூசம்னா, 1894லேர்ந்து ஓடுற அந்த வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டுலேர்ந்து கிளம்பி தண்ணீர்மலை அடிவாரத்துக்கு ஊர்ந்து ஊர்ந்து போகும், வழி பூரா தமிழங்க சீனவங்கன்னு இல்லாம மலை மலையா தேங்கா உடைப்பாங்க, ஜாலான் உத்தாமா ஓரத்துல வரிசையா தண்ணீர் பந்தல் நிக்கும். அதுல ஒரு ஓரமா நிக்கிற சின்னப் பந்தல் எங்களோடது. முப்பது குடும்பம் இருக்கும். பத்து வெள்ளி, இருபது வெள்ளின்னு வசூல் பண்ணி மோரு, பானகம், சாப்பாடுன்னு செய்றோம். கணக்கு அக்கா கையில. போன வருஷம் வரைக்கும் நோட்டு. இந்த வருஷம் நான்தான் குறுக்க புகுந்து, ஆயர் ஈத்தாம்ல அக்கா வீட்டு டிவிக்கு பக்கத்துல ராஸ்பெர்ரி பைங்கிற ஒரு குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டரை சொருகி, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல், ஒரு ஆளுக்கு ஒரு வரி, எங்கேர்ந்து வேணாலும் எஸ்எஸ்எச்ங்கிற தூர இணைப்புல நுழைஞ்சு போடலாம், ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட் கூட்டி குரூப்ல போட்டுடும்னு பெருமையா அமைச்சு வச்சேன். எக்செல் போதும்னு அக்கா மகன் சொன்னான். பாலிடெக்னிக் படிக்கிற பையன், அவனுக்கு தெரிஞ்சது எனக்கு தெரியல. நான் தொழிற்சாலை சர்வர் பாக்குறவன், கறுப்புத் திரையில எழுதலைன்னா எனக்கு எழுதின மாதிரியே இருக்காது. முதல் நாள் விம்ங்கிற டெக்ஸ்ட் எடிட்டர்ல ஃபைலைத் திறந்து, வெறும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து "ஆரம்பிச்சாச்சு"ன்னு குரூப்ல போட்டது கூட நான்தான், ஆளுக்கொரு வேல் எமோஜி போட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி நான் செஞ்ச முதல் வேலையை சொல்ல வெக்கமா இருக்கு, இருந்தாலும் சொல்றேன். லாப்டாப்பைத் திறந்து நன்கொடை ஃபைலைப் பாத்தேன். நான் போட்ட வரிங்க எல்லாம் இருக்கு. அக்கா மகன் போட்டதா சொன்ன ஒரு வரி கூட இல்ல. பதினாலு நாளா "போட்டுட்டேன் மாமா, போட்டுட்டேன் மாமா"ன்னு சொன்ன பய ஒண்ணுமே போடலையான்னு கடுப்பாகி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்லயே போட்டு, "டேய், உன் பங்கு எங்கடா?"ன்னு கேட்டுட்டேன். முப்பது குடும்பம் பாக்குற குரூப். அவன் பதிலுக்கு ஒரு புள்ளி வச்சான். வெறும் முற்றுப்புள்ளி. அப்புறம் ஆளைக் காணோம்.

அரை மணி நேரம் கழிச்சு மனசு கேக்காம போன் போட்டேன். "மாமா, சத்தியமா போட்டேன், நான் இப்பக்கூட திறந்து வச்சிருக்கேன், அறுபத்தி மூணு வரி இருக்கு"ங்கிறான். என் திரையில நாப்பத்தி ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே மெஷின்ல, ஒரே யூசர்ல, ஒரே ஃபைலைத் திறந்து வச்சிட்டு வேற வேற கணக்கு பாத்துட்டு இருக்கோம். இந்த மாதிரி நேரத்துல நான் தொழில்ல கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான், ஃபைல் உள்ள என்ன இருக்குன்னு பாக்காத, நீ எங்க நிக்கிறன்னு முதல்ல பாரு. அவனை போன்ல வச்சுக்கிட்டே ஒவ்வொண்ணா அடிக்க சொன்னேன். (கமாண்டை எல்லாம் வாயால சொன்ன மாதிரியே எழுதுறேன், போன்ல அப்படித்தானே சொல்லுவோம்.)

கோலன் போட்டு பிடபிள்யூடி. விம் இப்ப எந்த ஃபோல்டர்ல நிக்குதுன்னு சொல்லும். நிறைய பேர், திறந்திருக்கிற ஃபைல் எங்க இருக்கோ விம்மும் அங்கதான் நிக்குதுன்னு நெனச்சுக்குவாங்க, அது அப்படி இல்ல, நீங்க எந்த ஃபோல்டர்லேர்ந்து விம்மைக் கூப்பிட்டீங்களோ அங்கதான் அது நிக்கும். அதனால வேற ஃபோல்டர்ல இருக்கிற ஃபைலைத் திறந்து வச்சிட்டு, புதுப் பேர்ல சேவ் பண்ணலாம்னு வெறும் பேரை மட்டும் அடிச்சா, அது நீங்க நெனச்ச இடத்துல போய் உக்காராது. ஃபைல் இருக்கிற இடத்துக்கே போகணும்னா கோலன் சிடி, ஒரு ஸ்பேஸ், பர்சன்ட், கோலன் பி, கோலன் எச். எங்க கேஸ்ல ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான் வந்துச்சு. சரி, கண்ட்ரோல் ஜி அடி. ஃபைல் பேர் வரும். அதுக்கு முன்னாடி 1 அமுக்கிட்டு கண்ட்ரோல் ஜி அடிச்சா முழுப் பாதையும் வரும். இந்த 1 விஷயம் தெரியாம எத்தனை வருஷம் இருந்தேன்னு கேக்காதீங்க. அவன் எழுத்து எழுத்தா வாசிச்சான், நான் என் திரையில விரல் வச்சு ஒத்துப் பாத்தேன். ஸ்லாஷ் ஹோம், ஸ்லாஷ் பந்தல், ஸ்லாஷ் கணக்கு, ஸ்லாஷ் நன்கொடை. ஒண்ணுதான். அச்சு அசலா ஒண்ணுதான்.

இந்த இடத்துல விம் மேல எனக்கு இருக்கிற பழைய குறையை சொல்லியாகணும். கடையில போய் ஒரு சாமான் கேட்டா, இல்லைன்னா இல்லைன்னு சொல்லணும். விம் சொல்லாது. இல்லாத ஃபைலைக் கேட்டீங்கன்னா, இந்தாங்கன்னு ஒரு வெறும் பக்கத்தை நீட்டும், இடது ஓரத்துல அலை மாதிரி குறி வரிசையா நிக்கும், அடியில பேருக்கு பக்கத்துல சதுர அடைப்புக்குறிக்குள்ள 'நியூ'ன்னு ஒரு சின்ன வார்த்தை, பழைய வெர்ஷன்ல 'நியூ ஃபைல்'னு வரும், அவ்வளவுதான். எழுத ஆரம்பிச்சா அந்த வார்த்தையும் போயிரும். நீங்க சேவ் பண்ற வரைக்கும் டிஸ்க்ல ஒண்ணுமே உருவாகாது, அதனால அதைத் தப்புன்னும் சொல்ல முடியாது, விம்முக்கு முன்னோடியான பழைய விஐ காலத்துலேர்ந்து வர்ற வழக்கம். ஃபோல்டரே இல்லைன்னா மட்டும் கொஞ்சம் சத்தமா பேசும், 'நியூ டைரக்டரி'ன்னு வரும், அப்பவும் திறந்துதான் விடும், நீங்க ஒரு மணி நேரம் எழுதி முடிச்சு சேவ் அடிக்கும்போதுதான் ஈ212, எழுதறதுக்கு திறக்க முடியலைன்னு கையை விரிக்கும். அந்த நேரத்துல பதறி க்ளோஸ் பண்ணிடாதீங்க. கோலன், ஆச்சரியக்குறி, எம்கேடிர், ஸ்பேஸ், மைனஸ் பி, ஸ்பேஸ், பர்சன்ட் கோலன் எச், அவ்வளவுதான், ஃபோல்டர் உருவாகிடும், மறுபடி சேவ் அடிங்க. நானோங்கிற இன்னொரு எடிட்டர் இதுல கொஞ்சம் மேல். கண்ட்ரோல் ஓ அடிச்சா எந்தப் பேர்ல எழுதட்டும்னு ஒவ்வொரு தடவையும் கேக்கும். எரிச்சலா இருக்கும்தான், ஆனா அந்த ஒரு கேள்வி எத்தனையோ பேர் மானத்தைக் காப்பாத்தியிருக்கு.

வேலை இடத்துல இதே மாதிரி ஒண்ணு. பாயான் லெப்பாஸ்ல நைட் ஷிப்ட். புதுசா சேந்த ஒரு தம்பி, மெஷின் கான்ஃபிக்ல ஒரு நம்பரை மாத்தினேன்ணே, எத்தனை தடவ ரீஸ்டார்ட் பண்ணாலும் மாறவே மாட்டேங்குதுங்கிறான். போய்ப் பாத்தா, வேற யாரோ எழுதிக் குடுத்த ஸ்கிரிப்ட்ல பாதையை டபுள் கோட்டுக்குள்ள போட்டிருக்கு, உள்ள டில்டா. அந்த அலைக்குறியை ஹோம் ஃபோல்டரா மாத்துறது, நாம அடிக்கிற கமாண்டைப் படிச்சு ஓட்டுற ஷெல்லோட வேலை, கோட்டுக்குள்ள போட்டுட்டா ஷெல் அதைத் தொடாது, அது வெறும் ஒரு எழுத்து. ஸ்கிரிப்ட் என்ன செஞ்சிருக்கு, டில்டாங்கிற பேர்லயே ஒரு ஃபோல்டரை அங்கயே உருவாக்கி, கான்ஃபிக்கை அதுக்குள்ள காப்பி பண்ணி, அதையே திறந்து விட்டிருக்கு. தம்பி மாத்தினது எல்லாம் அந்த காப்பியில. மெஷின் படிக்கிறது அசலை. கண்டுபிடிச்சாச்சு, சந்தோஷம், "சரி அந்த ஃபோல்டரைத் தூக்கிடு"ன்னு சொல்லிட்டு நான் தே ஓ, அதான் பால் இல்லாத டீ, எடுக்கத் திரும்பினேன். என்னமோ தோணி எட்டிப் பாத்தா, ஆர்எம், ஸ்பேஸ், மைனஸ் ஆர்எஃப், ஸ்பேஸ், டில்டா. கேள்வி கேக்காம மொத்தமா அழிக்கிற கமாண்ட். சுண்டுவிரல் எண்டர் மேல. "டேய் டேய் டேய்"னு நான் கத்தின கத்துல அடுத்த லைன் ஆளுங்க எழுந்து நின்னுட்டாங்க. கோட்டு இல்லாம அடிச்சா அந்த டில்டா அவனோட மொத்த ஹோம் ஃபோல்டர். முன்னாடி புள்ளியும் ஸ்லாஷும் போட்டு அடிக்கணும், அப்பதான் இங்க இருக்கிற டில்டாங்கிற ஃபோல்டர்னு அர்த்தம். அந்தத் தம்பி இப்பவும் என்னைப் பாத்தா காப்பித் தண்ணி வாங்கித் தர்றான்.

இந்த வகையில இன்னும் சிலது இருக்கு. சூடோ போட்டு, அதாவது எல்லா அதிகாரமும் இருக்கிற ரூட் யூசரா, விம்மைத் திறந்தீங்கன்னா, உள்ள போன பிறகு டில்டான்னா பல சிஸ்டத்துல ரூட்டோட ஹோம், உங்களோடது இல்ல. டாக்கர் கன்டெய்னர்னு கம்ப்யூட்டருக்குள்ளயே தடுத்து வச்ச தனி அறை மாதிரி ஒண்ணு உண்டு, அதுக்குள்ளயும் வெளியயும் பாதை எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கும், ஃபைல் வேறயா இருக்கும். பேருக்கு நடுவுல ஸ்பேஸ் இருந்தா ஷெல் அதை ரெண்டு ஃபைலா நெனச்சு குடுக்கும், விம்மும் ரெண்டு ஃபைல் எடிட் பண்ணப் போறோம்னு சந்தோஷமா திறக்கும், ரெண்டுமே வெறும் பக்கம். லினக்ஸ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வேற வேற, நம்ம மொழியில அந்தத் தொல்லை இல்லைன்னு நான் பெருமைப்பட்டுக்கிட்ட காலம் உண்டு.

சரி, அந்த ராத்திரிக்கு வர்றேன். மணி பன்னெண்டே கால். ஃபைல் பேரு ஒண்ணு, பாதை ஒண்ணு, வரி எண்ணிக்கை வேற. ஒருவேளை அவன் சேவ் பண்ணாமலே திறந்து வச்சிருக்கானோன்னு பாத்தா அதுவும் இல்ல, அப்படியே ஒரே ஃபைலை ரெண்டு பேர் திறந்திருந்தாலும் விம் ஈ325ன்னு, எழுதறதை அது தற்காலிகமா வச்சுக்கிற ஸ்வாப் ஃபைலைப் பத்தி எச்சரிக்கை குடுத்து கத்தியிருக்கணும், ஒரு சத்தமும் இல்ல. அந்த அமைதிதான் எனக்கு முதல்ல உறுத்துச்சு. விம்மை மூடிட்டு, ஃபோல்டர்ல என்னென்ன ஃபைல் இருக்குன்னு காட்டற எல்எஸ்ஸை சும்மா அடிச்சேன். செலவு. தொண்டர். தொண்டர். நன்கொடை. நன்கொடை. பொருள். பொருள். வரவு.

கண்ணைக் கசக்கிட்டு மறுபடி பாத்தேன். ஒரு ஃபோல்டருக்குள்ள ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருக்க முடியாது, கம்ப்யூட்டர் படிக்கப் போன முதல் வாரத்துல சொல்லிக் குடுத்தது. ஆனா இருக்கு. டெர்மினல்ல தமிழ் எப்பவுமே கொஞ்சம் கோணலாதான் தெரியும், எழுத்து மேல எழுத்து ஏறி நிக்கும், அதனால ரெண்டும் ஒரே மாதிரி கோணலா, ஒரே மாதிரி நிக்குது. முதல்ல பேர் கடைசியில ஸ்பேஸ் ஒட்டியிருக்கான்னு பாத்தேன், எல்எஸ் பக்கத்துல மைனஸ் க்யூ, பெரிய க்யூ, போட்டா பேரை கோட்டுக்குள்ள போட்டுக் காட்டும். ஸ்பேஸ் இல்ல. அப்புறம்தான் எல்எஸ்ஸை எக்ஸ்எக்ஸ்டிக்குள்ள விட்டேன், விம்மோட கூடவே வளர்ந்த கருவி அது, எழுத்துக்குப் பதிலா பைட்டைக் காட்டும். ஒரு நன்கொடையில, 'க'வுக்கு அப்புறம் மூணு பைட்: ஈ0 ஏஎஃப் 8ஏ. இன்னொண்ணுல அதே இடத்துல ஆறு பைட்: ஈ0 ஏஎஃப் 86, ஈ0 ஏஈ பிஈ.

இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு இப்பவே புரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்கு: 'கொ'ன்னு எழுதணும்னா நம்ம கையால என்ன பண்றோம், ஒரு கொம்பு, அப்புறம் க, அப்புறம் ஒரு கால். யூனிகோடுல க முதல்ல வரும், அதுக்கு அப்புறம் 'ஒ' ஓசைக்கான குறி. அந்தக் குறியை ரெண்டு விதமா வைக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியா வைக்கலாம், இல்ல கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியா வைக்கலாம். ரெண்டும் சமம்னு யூனிகோடே சொல்லுது, திரையில ஒரு வித்தியாசமும் தெரியாது, வாசிச்சா ஒரே சத்தம். ஆனா லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்துக்கு தமிழ் தெரியாது, ஓசையும் தெரியாது, அதுக்கு பேருங்கிறது வெறும் பைட் வரிசை. மூணு பைட் வேற, ஆறு பைட் வேற, ரெண்டு ஃபைலும் பக்கத்துல பக்கத்துல நிம்மதியா இருக்கும். ஒ, ஓ, ஔ மூணுக்குமே இந்தக் கதைதான், மத்த உயிர்க்குறிக்கு இல்ல. அதான் செலவு ஒண்ணே ஒண்ணா இருந்துச்சு, வரவு ஒண்ணே ஒண்ணா இருந்துச்சு. செலவுக் கணக்கு சென் சுத்தமா ஒத்து வந்து நன்கொடை மட்டும் குறைஞ்சா மனுஷ மனசு எங்க போகும்? எனக்கு எங்க போச்சுன்னுதான் மேல சொன்னேனே. போன வாரம் தொண்டர் பட்டியல்ல, மோர் ஊத்தறதுக்கு நாலு பேரும் குப்பை அள்ற இடத்துல ஒருத்தரும் இல்லாம ஆனதுக்கும் அப்பதான் காரணம் புரிஞ்சுச்சு.

எப்படி வந்துச்சுன்னு தேடினேன். போன வருஷ ஃபோல்டரை பந்தல் அங்கிள் ஒருத்தர் தன்னோட பழைய மேக்லேர்ந்து ஜிப் பண்ணி அனுப்பியிருந்தார், அதை அப்படியே ராஸ்பெர்ரி பைக்குள்ள விரிச்சு, உள்ள இருந்ததை மட்டும் காலி பண்ணி வச்சிருந்தேன். மேக்ல முன்ன இருந்த எச்எஃப்எஸ் ப்ளஸ்ங்கிற ஃபைல் சிஸ்டம், பேரை சேமிக்கும்போதே இந்த மாதிரி சேர்ந்த குறியை எல்லாம் பிரிச்சுப் போட்டுடும், கொம்பு தனி கால் தனி. மேக்குக்குள்ளயே இருக்கிற வரைக்கும் பிரச்சனை இல்ல, நீங்க எப்படிக் கேட்டாலும் கண்டுபிடிச்சுக் குடுக்கும். இப்ப இருக்கிற ஏபிஎஃப்எஸ் குடுத்த பேரை அப்படியே வச்சுக்கும், தேடும்போது மட்டும் ரெண்டையும் ஒண்ணா பாக்கும். வீட்டை விட்டு வெளிய வந்து லினக்ஸ்ல குடியேறும்போதுதான் வினை. அக்கா மகன் முதல் நாள் 'நன்'னு அடிச்சு டேப் தட்டியிருக்கான், ஷெல்லே மேக் பேரை நிரப்பிக் குடுத்திருக்கு, அன்னையிலேர்ந்து அப் ஆரோவைத் தட்டி அதையே திறக்கிறான். நான் என்ன பண்ணேன், முழுப் பேரையும் கீபோர்டுல கையால அடிச்சேன். என் கீபோர்டு சேர்ந்த குறியைத்தான் போடும். அந்தப் பேர்ல ஃபைல் இல்ல. விம் வெறும் பக்கத்தை நீட்டுச்சு. பய இன்னும் ஆரம்பிக்கல போலன்னு நானே நெனச்சுக்கிட்டு எழுத ஆரம்பிச்சுட்டேன். கூட்டுற ஸ்கிரிப்டையும் நான்தான் அடிச்சேன், அதனால அது என் ஃபைலை மட்டும் கூட்டுச்சு. பதினாலு நாளா எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு, என் பார்வையில.

சரி பண்ணது பெரிய வேலை இல்ல. பேரை அடிச்சா ஒண்ணுதான் வரும்ங்கிறதால, விம்டிஃப், ஸ்பேஸ், நன், ஸ்டார்னு அடிச்சேன், ஸ்டார் ரெண்டையும் இழுத்துட்டு வந்து பக்கத்துல பக்கத்துல வச்சுது. வரிங்களை என் பக்கம் சேத்து, சேவ் பண்ணி, கூட்டிப் பாத்தா இப்ப ரசீது புக்கை விட இருபது வெள்ளி ஜாஸ்தி. தலையில அடிச்சுக்கிட்டேன். ஜெலுத்தோங் மாவு மில் அங்கிள் குடுத்த இருபது வெள்ளியை நானும் போட்டிருக்கேன், அவனும் போட்டிருக்கான். ஒண்ணை எடுத்ததும் ஒத்து வந்துருச்சு. அப்புறம் மேக் பேர்ல இருக்கிறதை மட்டும் தூக்கணும், இங்கதான் கை நடுங்கும், பாத்தா ரெண்டும் ஒண்ணுதானே. எல்எஸ் மைனஸ் ஐ போட்டா ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோட் நம்பர்னு ஒரு அடையாள நம்பர் வரும், அந்த நம்பரை ஃபைண்ட்ல ஐநம்னு குடுத்து அந்த ஒரு ஃபைலை மட்டும் பிடிச்சு, அழிக்காம வேற ஃபோல்டருக்கு நகத்தி வச்சேன், திருவிழா முடியற வரைக்கும் இருக்கட்டும்னு. பொருளுக்கும் தொண்டருக்கும் அதே மாதிரி. போன வருஷ படம், கூட்டக் குறிப்புன்னு மிச்சம் இருந்ததுக்கு கான்வ்எம்வின்னு ஒரு கருவி இருக்கு, மைனஸ் மைனஸ் என்எஃப்சின்னு குடுத்தா பேரையெல்லாம் சேர்ந்த குறிக்கு மாத்திடும். சும்மா ஓட்டினா என்ன செய்யப் போறேன்னு காட்டிட்டு நின்னுடும், மைனஸ் மைனஸ் நோடெஸ்ட் போட்டாதான் நிஜமா மாத்தும், அதனால பயப்படாம முதல்ல ஒரு தடவ சும்மா ஓட்டிப் பாருங்க.

ஒண்ணு மட்டும் எந்தக் கருவியும் சரி பண்ணாது, 'கௌரி'ன்னு அடிக்கிறதுக்குப் பதிலா கெ, ள, ரின்னு அடிச்சு வச்சிருப்பாங்க, பாக்க அப்படியே இருக்கும், அது நிஜமாவே வேற எழுத்து, யூனிகோடும் அதை சமம்னு ஒத்துக்காது. ஸ்ரீயும் ரெண்டு விதமா வரும், ஸ போட்டு ஒண்ணு, 2005ல யூனிகோடுல சேத்த இன்னொரு ஶ போட்டு ஒண்ணு. அதைக் கண்ணால பாத்து மாத்துறதைத் தவிர வழி இல்ல. அப்புறம் அங்கிள் வைக்கிற பேருங்க. கூட்டம் நடந்த தேதி, இடம், வந்தவங்க, பேசின விஷயம் எல்லாத்தையும் ஃபைல் பேர்லயே எழுதிடுவார். லினக்ஸ்ல ஒரு பேருக்கு 255 பைட்தான் இடம். இங்கிலீஷ்காரனுக்கு 255 எழுத்து, நமக்கு ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட்டுங்கிறதால 85 குறிதான், அதுலயும் 'கொ'ன்னு எழுதினா ரெண்டு குறி போயிருச்சு, அங்கிள் மேக் மாதிரி பிரிச்சு வச்சா மூணு. எல்லைக்கு கொஞ்சம் உள்ள நின்னா இன்னும் வேடிக்கை, ஃபைல் சேவ் ஆகும், ஆனா விம் முன்னாடி ஒரு புள்ளியும் பின்னாடி நாலு எழுத்தும் சேத்து ஸ்வாப் ஃபைல் உருவாக்கணும்ல, அது எல்லையைத் தாண்டிடும், ஈ303ன்னு ஒரு வரி வரும், கரண்ட் போனா எழுதினது போச்சு. அங்கிள்கிட்ட சொன்னேன், "பேர்ல சொல்லாட்டி உள்ள யாருய்யா படிக்கிறா?"ன்னு கேட்டார். பதில் இல்ல என்கிட்ட.

காலையில ஆறு மணிக்கு அக்காவுக்கு மெசேஜ் போட்டேன், கணக்கு சரியா இருக்கு, தப்பு என்னோடதுன்னு. "நான்தான் யாரையும் ஒண்ணும் சொல்லலையே தம்பி"ன்னு பதில். குரூப்ல யாரைத் திட்டினேனோ அங்கயே மன்னிப்பும் கேக்கணும்ல. ரெண்டு நன்கொடையும் மேல கீழ நிக்கிற படத்தைப் போட்டு, கொம்பு, கால், மேக், பைட்டுன்னு நீளமா விளக்கி எழுதினேன். ஒரு ஆண்டி "ரெண்டும் ஒண்ணுதானே பா?"ன்னு கேட்டாங்க. இன்னொருத்தர் வேல் எமோஜி போட்டார்.

அக்கா மகன் மத்தியானம் வரைக்கும் பேசல. நான் பாயான் லெப்பாஸ்ல கேன்டீன் வரிசையில நிக்கும்போது போன் அதிர்ந்துச்சு. பதினாலு நாளுக்கு முன்னாடி நான் பெருமையா போட்ட "ஆரம்பிச்சாச்சு" படத்தைத் தேடி எடுத்து, பெருசு பண்ணி, அடி ஓரத்துல சதுர அடைப்புக்குறிக்குள்ள இருந்த 'நியூ'வைச் சுத்தி சிவப்புல ஒரு வட்டம் போட்டு அனுப்பியிருந்தான். அதுக்குக் கீழ ஒரு புள்ளி.